சிறிய பொது நூலகம்: நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர் அறை, ஒன்றிரண்டு ஆட்கள், சில ஆயிரம் நூல்கள். இப்படிப்பட்ட நூலகத்தைப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களும், தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்த பழக்கத்தில் பதில் சொல்கிறேன். பல மாடி நூலகங்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

தொடங்குவதற்கு எத்தனை நூல்கள் வேண்டும்?

அந்தக் கணக்கைக் கடைசியில் போடுங்கள். எந்தெந்த நேரம் திறந்திருப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை, இந்திய நூலகத் துறையின் முன்னோடியான சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்டார். அவற்றில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை விளக்கும்போது, நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த பழைய ஐரோப்பிய நூலகங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி, வேலை செய்பவர்கள் என்று ஒவ்வொன்றாகப் போகிறார். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டும் நூலகத்துக்கு வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? பள்ளிக்குப் போகிற பிள்ளை எப்படி வரும்? அவர்களைப் பொறுத்தவரை அந்த நூல்கள் இன்னும் சங்கிலியில்தான் கிடக்கின்றன.

ஆள் பற்றாக்குறை இருந்தால் நாள் முழுவதும் திறக்க வேண்டியதில்லை. மாலை மூன்று மணி நேரமும் விடுமுறை நாளில் முழுப் பகலும் போதும். சொன்ன நேரத்துக்குத் திறக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாம் முறை வரமாட்டார். நூல்களைப் பொறுத்தவரை, பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஐந்நூறு போதும், தொடங்கிவிடலாம்.

நூல்களை எப்படி அடுக்குவது? டியூயி முறை எங்களுக்கு அதிகமோ?

மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை அறிவுத்துறைகளைப் பத்தாகப் பிரிக்கிறது. 500 அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். சிறிய நூலகத்துக்கு மூன்று இலக்கமே போதும், புள்ளிக்குப் பிறகு போக வேண்டியதில்லை. வாசகர் வேறொரு நூலகத்துக்குப் போனாலும் அதே எண்ணில் அதே துறையைக் கண்டுபிடிப்பார். இந்த வசதிக்காகவே டியூயியை நான் சிபாரிசு செய்வேன். அரங்கநாதனின் கோலன் பகுப்பு நுட்பமானது, ஆனால் இரண்டு பேர் நடத்தும் இடத்தில் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கடினம்.

தமிழ் நூல்கள் மிகுந்த நூலகத்தில் ஒரு சிக்கல் வரும். டியூயியில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. உங்கள் நூல்களில் பாதி அந்த ஒரே எண்ணின் கீழ் வந்து குவியும். நூலின் முதுகில் ஒட்டும் சிறிய சீட்டில் அவ்வளவு நீள எண்ணை எழுதி, அதற்குப் பின் நாவலா கவிதையா என்று இன்னொரு எண்ணும் சேர்த்தால் யாரும் படிக்கமாட்டார்கள். நாவலுக்கு ‘நா’, சிறுகதைக்கு ‘சி’, கவிதைக்கு ‘க’ என்று வைத்து, அடுத்த வரியில் ஆசிரியர் பெயரின் முதல் மூன்றெழுத்தைப் போடுங்கள். மற்ற துறைகளுக்கு டியூயி எண்ணே இருக்கட்டும். முறை கலக்கிறதே என்று வகுப்பில் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நூலைத் தேடி வருபவருக்கு அது கைக்குக் கிடைத்தால் போதும்.

ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தைப் பார்த்து அடுக்கக் கூடாது. தந்தை பெயரின் எழுத்தோ ஊர்ப்பெயரின் எழுத்தோ அது. சில நூல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒரே எழுத்தாளர் இரண்டு தட்டுகளில் பிரிந்துபோவார். இட்ட பெயரை வைத்தே அடுக்குங்கள். புனைபெயரில் எழுதியவரை வாசகர் எந்தப் பெயரால் கேட்கிறாரோ அந்தப் பெயரில் வையுங்கள், இயற்பெயரைப் பட்டியலில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணினியில் பட்டியல் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை. அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ஜ என்பது ச-வுக்கு அடுத்தும் வருகின்றன. மொழி விதிகளைப் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் இந்தச் சிக்கல் வராது. குறியெண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருளில் அகர வரிசை குழம்பும். நூறு பெயர்களைப் போட்டுச் சோதித்துவிட்டுப் பிறகு ஆயிரத்துக்குப் போங்கள்.

மென்பொருள் அவசியமா, பதிவேடு போதுமா?

இரண்டாயிரம் நூல்கள் வரை வரவுப் பதிவேடும் (வந்து சேரும் நூல்களை வரிசையாகப் பதியும் ஏடு) உறுப்பினர் அட்டைகளும் போதும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரவு எண் இருக்க வேண்டும். நூல் கழிந்துபோனாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். இது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்.

கணினிக்கு மாறுவதென்றால் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தின் ஒரு சிறிய பொது நூலக அமைப்புக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள். உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதை நிறுவவும் பராமரிக்கவும் தெரிந்த ஒருவர் கூப்பிடு தொலைவில் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் ஒரு விரிதாளிலேயே நூற்பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல் கையில் இருந்தால் முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

நன்கொடையாக வரும் நூல்களை மறுக்கலாமா?

மறுக்கலாம், மறுக்க வேண்டும். வீடு மாறும்போது வேண்டாதவற்றை மூட்டை கட்டி நூலக வாசலில் இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. மாறிப்போன பாடத்திட்டத்தின் வழிகாட்டிகள், பத்தாண்டுக்கு முந்தைய கணினிக் கையேடுகள், தொடரின் மூன்றாம் பாகம் மட்டும். கொடுக்கிற மனதைப் புண்படுத்தவும் முடியாது. அதனால் வாசலிலேயே ஓர் அறிவிப்பு வையுங்கள்: தரப்படும் நூல்கள் நூலகத்துக்குச் சொந்தமாகும், பயன்படாதவற்றை வேறிடத்துக்குக் கொடுக்கவோ விற்கவோ நூலகத்துக்கு உரிமை உண்டு. இதை முன்கூட்டி எழுதி வைத்துவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

ஒருவர் தன் வாழ்நாள் சேகரிப்பைத் தர வந்தால் மட்டும் உட்கார வைத்துப் பேசுங்கள். எதை எப்போது வாங்கினார், எது யார் கொடுத்தது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சேகரிப்புகளில்தான் வேறெங்கும் கிடைக்காத சிறு வெளியீடுகள் ஒளிந்திருக்கும்.

பழைய நூல்களைக் கழிக்க மனம் வரவில்லையே?

எனக்கும் வராது. ஆனாலும் செய்கிறேன். தட்டு நெருக்கியடித்து நிற்கும்போது நல்ல நூல் கண்ணில் படாமல் போகிறது. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதிலுள்ள செய்தி இன்று தவறாகிவிட்டதா? தாள் உடைந்து ஏடு ஏடாக வருகிறதா? பல ஆண்டுகளாக ஒருவர்கூட எடுக்கவில்லையா? மருத்துவமும் சட்டமும் காலாவதியானால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். பழைய மருந்தளவை நம்பி ஒருவர் கெட்டுப்போகக் கூடாது. இலக்கியத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். ஒரு வாரம் ‘இவற்றை யாரும் தொடுவதில்லை’ என்று எழுதி மேசையில் பரப்பி வையுங்கள். அதிலிருந்து பலவற்றை வாசகர்களே எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வட்டாரத்தைப் பற்றிய நூல், மலர், துண்டறிக்கை எதையும் கழிக்காதீர்கள். அதைப் பெரிய நூலகம் எதுவும் பாதுகாத்திருக்கும் என்று நம்ப முடியாது.

தாமதக் கட்டணம் வாங்காவிட்டால் நூல்கள் எப்படித் திரும்பி வரும்?

இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகள் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டணம் இருந்தால்தான் பொறுப்பு வரும் என்று நம்பினேன். ஒரு சிறுமி வாரம் தவறாமல் வருவாள், பிறகு வரவில்லை. சில மாதம் கழித்து அவளுடைய அம்மாவை வழியில் பார்த்தபோது, ‘பாப்பா ஒரு புத்தகத்தை ரொம்ப நாள் வெச்சுட்டா, காசு கேப்பீங்கன்னு பயந்துட்டா’ என்றார். கட்டணம் அற்பத் தொகைதான். ஆனால் அந்தத் தொகை அந்த வீட்டில் அற்பமானதா என்று நான் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. அவள் திரும்பவும் வந்தாள். ஆனால் பழைய மாதிரி உரிமையோடு தட்டுகளுக்கு இடையில் உட்கார்ந்து படிக்க அவளுக்கு நீண்ட நாள் பிடித்தது.

அயர்லாந்து தன் பொது நூலகங்கள் அனைத்திலும் 2019 தொடக்கத்திலிருந்து தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதே ஆண்டு சிகாகோவின் பொது நூலகமும் எடுத்தது. அதைத் தொடர்ந்து நெடுநாளாக வீடுகளில் முடங்கிக் கிடந்த நூல்கள் மளமளவென்று திரும்பி வந்தன. அமெரிக்க நூலகச் சங்கம், பணத் தண்டனை சமத்துவமின்மையை உண்டாக்குகிறது என்று அதே 2019இல் தீர்மானமே போட்டது.

அப்படியானால் என்ன செய்வது? கையில் உள்ள நூல் திரும்பாதவரை அடுத்த நூல் இல்லை. அவ்வளவுதான். கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு குறுஞ்செய்தி, முடிந்த மறுநாள் இன்னொன்று. ஒரு வாரம் கடந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு ‘படித்து முடித்தீர்களா, இன்னும் நாள் வேண்டுமா’ என்று கேளுங்கள். முதல் வாக்கியத்திலேயே ‘திருப்பவில்லை’ என்ற சொல் வரக் கூடாது.

நூல் தொலைந்துவிட்டால்?

அதே நூலையோ அதற்கு ஈடான இன்னொன்றையோ வாங்கித் தரச் சொல்லுங்கள். முடியாதவரை விட்டுவிடுங்கள். ஆண்டுக்குச் சில நூல்கள் காணாமல் போவது இரவல் கொடுக்கும் நூலகத்தின் இயல்பு. ஒன்றுமே தொலையவில்லை என்றால் நீங்கள் போதிய அளவு வெளியே விடவில்லையோ என்று நான் சந்தேகப்படுவேன்.

உறுப்பினர்கள் வருகிறார்கள். வராதவர்களை எப்படி வரவழைப்பது?

‘வரவழைப்பது’ என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். நாம் போக வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்கம் என்ற நூலகர் இருந்தார். தன் மாவட்டத்து உழவர்கள் நகரத்துக்கு வந்து நூல் எடுக்கமாட்டார்கள் என்று கண்டு, கடைகளிலும் அஞ்சலகங்களிலும் நூல்பெட்டிகளை வைத்தார். அதுவும் எல்லா வீடுகளையும் எட்டவில்லை. 1905இல் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றி அனுப்பினார். 1910இல் அந்த வண்டி ரயிலில் அடிபட்டு நொறுங்கியது. இருந்தும் பணி நிற்கவில்லை, பிறகு மோட்டார் வண்டி வந்தது. நம் பக்கத்தில், அரங்கநாதனின் ஐந்து விதிகள் வெளிவந்த அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் ஓடியது. அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் 1935 முதல் 1943 வரை பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறி, பாதையே இல்லாத இடங்களுக்கு நூல் கொண்டு போனார்கள். நூல் போதாதபோது பழைய இதழ்களைக் கத்தரித்து ஒட்டி அவர்களே தொகுப்பேடுகள் செய்தார்கள். சமையல் குறிப்பும் தையல் மாதிரிகளும் வீடுகளிலிருந்து வாங்கி அதில் சேர்த்தார்கள். மக்களிடம் போனவர்கள் மக்களிடமிருந்தும் வாங்கி வந்தார்கள் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

வண்டி வாங்க நம்மிடம் வசதி இருக்காது. ஒரு மிதிவண்டியும் இரண்டு பையும் இருந்தால் தொடங்கலாம். நான் செய்யச் சொல்வது இதுதான். உங்கள் வட்டாரத்தின் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். உறுப்பினர் வீடுகளுக்குப் புள்ளி வையுங்கள். புள்ளியே இல்லாத தெருக்கள் தெரியவரும். இடையில் பெருஞ்சாலை குறுக்கிடுகிறதா, மொழி வேறா, அந்தத் தெருவுக்காரர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்குகிறார்களா என்று பாருங்கள். அந்தத் தெருக்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் போய்வாருங்கள். எல்லாத் தெருவுக்கும் ஒரு துண்டறிக்கை போடுவதைவிட இது பலன் தரும்.

முதல் முறை போகும்போது உறுப்பினர் படிவத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். படிவத்தைக் கண்டாலே வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பிள்ளைகளுக்கான படநூல் நான்கைந்து எடுத்துப் போங்கள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து வாசியுங்கள். மற்றதெல்லாம் தானாகப் பேச்சில் வரும்.

நூல்பெட்டிகளை எங்கே வைக்கலாம்?

மக்கள் காத்திருக்கும் இடங்களில். மருத்துவமனைக் கூடம், முடிதிருத்தும் கடை, சலவைக் கடை, பேருந்து நிலையம். ஒரு பெட்டிக்கு இருபது நூல்களுக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாத பெட்டி மூன்றே மாதத்தில் தட்டுமுட்டுச் சாமான் ஆகிவிடும். அங்கே பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கும் வாசிக்கும் ஆசை இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் பெட்டி வைத்துப் பயனில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நூலகத்தில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் வாசிப்பாளர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் இருந்தது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே நாளிதழையும் நாவலையும் காதால் கேட்டார்கள். வாசிப்பவருக்கான கூலியைத் தங்கள் சம்பளத்திலிருந்து அவர்களே கொடுத்தார்கள். எழுத்து தெரியாத பலர் அப்படித்தான் நாவலுக்குள் போனார்கள்.

வாரம் ஒரு மாலை, அரை மணி நேரம், நல்ல குரல் உள்ள ஒருவர் வாசிக்கட்டும். தொடர்கதை போல, அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தவிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னொரு பணியும் உண்டு. விண்ணப்பம் நிரப்பித் தருவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, கைபேசியில் வந்த அறிவிப்பை விளக்குவது. இது நூலகர் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். எழுத்தால் பூட்டிய கதவை ஒருவருக்குத் திறந்துவிடுவது நூலகர் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் அந்த வேலை? அப்படி வந்த பாட்டி ஒருவர் பிறகு தன் பேரன் பேத்தி மூவரையும் உறுப்பினராக்கினார்.

குழந்தைகளுக்கான கதை நேரத்தை எப்படி நடத்துவது?

ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மூலை. இருபத்தைந்து நிமிடம் போதும். படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கட்டும். முன்னால் உட்கார்ந்த பிள்ளை நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். ‘கையைக் கட்டு, வாயை மூடு’ என்ற சொல் அந்த அறையில் வரக் கூடாது. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்’ என்று கேட்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி கதையைப் பாடமாக்கிவிடும். வேண்டுமானால் ‘அந்த யானை இப்போ எங்கே போயிருக்கும்’ என்று கேளுங்கள்.

குழந்தைகள் நூல்களைக் கண்ணாடிக் கதவுக்குள் வைக்காதீர்கள். முன்னட்டை தெரியும்படி, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். கிழியும். கிழிந்ததை ஒட்டலாம். செல்லோடேப் மட்டும் வேண்டாம், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் நல்லது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லா நாற்காலிகளையும் பிடித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களை விரட்டாதீர்கள். வீட்டில் அமைதியாக உட்கார ஓர் இடம் இல்லாததால்தான் வருகிறார்கள். ஆனால் நூலகம் முழுவதும் படிப்பறையாக மாறிவிட்டால், பெரியவர் ஒருவர் நாளிதழைப் புரட்டும் சத்தமே குற்றமாகிவிடும். இடத்தைப் பிரியுங்கள். ஒரு பக்கம் அமைதி, ஒரு பக்கம் பேச்சு. ஒரே அறைதான் என்றால் நேரத்தைப் பிரியுங்கள். காலையில் அமைதி, மாலையில் பிள்ளைகள். தேர்வில் வென்று போனவர்களைத் திரும்ப வரச் சொல்லுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லித் தர அவர்கள் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

பார்வையற்ற வாசகர்களுக்கு ஒரு சிறிய நூலகம் என்ன செய்ய முடியும்?

பிரெய்ல் நூல்களும் ஒலிநூல்களும் பெரிய நூலகங்களிலிருந்து இரவலாகக் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். 2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றவும், அந்தப் பிரதிகளை நாடு விட்டு நாடு பகிரவும் பதிப்புரிமையில் விலக்குத் தருகிறது. அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. உங்கள் நாட்டில் அது எப்படிச் சட்டமாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடுங்கள், வாசலிலிருந்து மேசை வரை வழியில் எதையும் வைக்காதீர்கள். இதற்கு உடன்படிக்கை எதுவும் தேவையில்லை.

ஒரு நூலை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் சண்டைக்கு வந்தால்?

நாற்காலி கொடுத்து முழுவதும் சொல்ல விடுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்: நூலை முழுமையாகப் படித்தீர்களா, எந்தப் பக்கம், ஏன்? பெரும்பாலான சண்டை அங்கேயே தணியும். எழுதித் தந்தால் உங்கள் குழுவில் வைத்துப் பேசி, எழுத்திலேயே பதில் கொடுங்கள். அதுவரை நூல் தட்டிலேயே இருக்கட்டும். இந்த முறையை யாரும் கோபப்படாத நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள். யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949இல் முதலில் வந்து, கடைசியாக 2022இல் புதுப்பிக்கப்பட்டது. நூல்களும் சேவைகளும் கருத்துத் தணிக்கைக்கோ வணிக நெருக்கடிக்கோ உட்படக் கூடாது என்று அது சொல்கிறது. அதை அச்சிட்டு உங்கள் கோப்பில் வையுங்கள்.

யார் என்ன நூல் எடுத்தார் என்று வேறொருவர் கேட்டால் சொல்லலாமா?

கூடாது. கணவன் மனைவியைப் பற்றிக் கேட்டாலும் கூடாது. ஒரு பெண் சட்டநூலை எடுத்தது, ஒரு பையன் உடலைப் பற்றிய நூலை எடுத்தது, ஒருவர் தன் நோயைப் பற்றிப் படித்தது எல்லாம் அவரவர் சொந்த விஷயம். நூல் திரும்பியதும் பெயரோடு இருக்கும் பதிவை நீக்கிவிடுவதே பாதுகாப்பு. கோஹாவில் அதற்கு வழி இருக்கிறது. பழைய அட்டை முறையில், முன்பு எடுத்தவர்கள் பெயரெல்லாம் நூலுக்குள்ளேயே வரிசையாகத் தெரியும். அந்த அட்டையை மாற்றி, பெயருக்குப் பதில் உறுப்பினர் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

மழை நீர் புகுந்து நூல்கள் நனைந்துவிட்டன. எப்படிக் காப்பாற்றுவது?

நேரம்தான் எதிரி. இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கொஞ்சம் நனைந்தவற்றை நிற்க வைத்து, ஏடுகளை விசிறி போல விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்து நிறம் போய்விடும். வழவழப்பான தாளில் அச்சான படநூல்கள் காயும்போது ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஈரமாக இருக்கும்போதே இடையிடையே தாள் வைக்க வேண்டும். ஒரே நாளில் உலர்த்த முடியாத அளவு நனைந்திருந்தால், நெகிழி உறையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். பூஞ்சை அப்படியே நின்றுவிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். முதலில் காப்பாற்ற வேண்டியவை வரவுப் பதிவேடும் வட்டார நூல்களும். கடையில் கிடைக்கும் நாவல்களுக்காக ஓடி நேரத்தை இழக்காதீர்கள்.

அடித்தட்டைத் தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி, அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் பாதித் தொல்லை வராமலே போகும்.

கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு?

கைபேசியில் எல்லாம் கிடைப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கிடைக்காதவர்களும், கிடைத்தும் தேடத் தெரியாதவர்களும், எது பொய் என்று பிரித்துப் பார்க்க ஒரு துணை தேடுபவர்களும் நம் வாசலில் நிற்கிறார்கள். எதையும் வாங்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய கூரை இன்று வேறெங்கே இருக்கிறது?

‘மனித நூலகம்’ என்றொரு முயற்சி டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே ஆட்களே நூல்கள். ஒருவரை அரை மணி நேரம் ‘இரவல்’ எடுத்து, அவர் வாழ்க்கையைப் பற்றி நேரடியாகக் கேட்கலாம். நான்கு நாற்காலி இருந்தால் போதும். எங்கள் நூலகத்தில் இதைச் செய்தபோது, தினமும் கடந்து போகும் துப்புரவுத் தொழிலாளி ஒருவரைக் கேட்கத்தான் பெரிய வரிசை நின்றது.

ஆண்டறிக்கையில் எதை எழுதுவது? நிதி தருபவர்கள் எண்ணிக்கைதான் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் எண்களைக் கொடுங்கள். வருகை, இரவல், புது உறுப்பினர். கூடவே உங்களுக்காக ஒரு சிறிய நோட்டு வையுங்கள். அதில் தினமும் இரண்டு விஷயங்கள். ஒன்று, கேட்டும் நம்மிடம் இல்லாத நூல். அடுத்த ஆண்டு என்ன வாங்க வேண்டும் என்பதை வேறெந்தப் பட்டியலும் இதைப்போலச் சொல்லாது. இரண்டு, வழக்கமாக வந்து இப்போது வராமல் போனவர்கள்.

இரண்டாவதை மாதம் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். சிலர் ஊர் மாறியிருப்பார்கள். சிலருக்கு உடம்பு முடியாமல் இருக்கும், நூலை வீட்டுக்குக் கொண்டு போனால் கண் கலங்குவார்கள். சிலர் நாம் சொன்ன ஒரு சொல்லால் போயிருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேளுங்கள். போகும்போது அவருக்குப் பிடித்த நூல் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இரவல் பதிவை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.